எந்த மரக்கால்?

1916-ஆம் ஆண்டில் சென்னைச் சர்வகலாசாலையில் பொருளாதாரப் பேராசிரியராக அமர்ந்திருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம்மிடம் பயின்ற மாணாக்கர்களின் கையில் நீண்டதொரு வினாப்பட்டியலைக் கொடுத்து, தத்தம் ஊரின் நிலம், நீர், கால்நடை, கடன், கூலி, சாகுபடி ஆகிய யாவற்றையும் விசாரித்து எழுதி வரும்படி அனுப்பி வைத்தார். அவர்கள் எழுதிக் கொணர்ந்த குறிப்புகள் 1918-இல் ஆங்கில நூலாக வெளிவந்தன. விழுப்புரத்தைச் சார்ந்த இருவேல்பட்டு, சிவகாசிக்கு அருகேயுள்ள வடமலாபுரம், நெல்லைச் சீமையின் கங்கைகொண்டான், காஞ்சிபுரத்தை அடுத்த தூசி, கீழ்த்தஞ்சையின் பாலக்குறிச்சி முதலிய ஊர்கள் அவ்விதமாக ஏட்டில் ஏறின. இருபது ஆண்டுகள் கழித்து, 1936-37-இல், தாமஸ், ராமகிருஷ்ணன் என்னும் பொருளாதார அறிஞர் இருவர் அதே ஊர்களை மறுபடியும் ஆராய்வித்து நூலாக்கினர். அதன் பின்னரும் ஆராய்ச்சியாளர்கள் அவ்வூர்களை மறவாமல் தேடிச் சென்றனர். இருவேல்பட்டில் 2008 வரையில் இவ்விசாரணை நடந்திருக்கிறது. ஒரே கிராமத்தை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் திரும்பத் திரும்பச் சென்று பார்த்த பாக்கியம் நம் நாட்டுக்கு இருக்கிறது என்பது நாம் பெருமிதத்தோடு சொல்லிக்கொள்ளத்தக்க விஷயம்.

ஆயினும் அந்நூல்களைச் சிரத்தையோடு வாசிக்கிறவனுக்கு ஒரு குறை தட்டுப்படாமல் போகாது. இருவேல்பட்டின் படியாட்களைப் பற்றி முதல் நூலே பேசுகிறது. கலியாணம் முதலிய செலவுகளுக்காக வாங்கிய கடனுக்குத் தன்னையே பிணையாக வைத்து, தன் காலத்துக்குப் பின் மகனையும் அதே பண்ணையில் விட்டுச் செல்லும் நிலைமையை அது மறைக்கவில்லை. ஆனால் அந்தப் படியாள் அதைப் பற்றி என்ன சொன்னான், அவன் மனைவி விடியுமுன் எத்தனை நாழிகைக்கு எழுந்து எந்தத் தொழுவத்தைக் கூட்டினாள், அவன் பிள்ளை எந்த வயதில் மாடு மேய்க்கப் போனான் என்பவை அதில் இல்லை. கேள்வி கேட்டவரும் நிலம் படைத்த குடும்பத்துப் பிள்ளை. பதில் சொன்னவர்களும் பெரும்பாலும் பட்டாவில் பெயர் உள்ளவர்கள். கிராமக் கணக்குகளின் நிலையும் இதுவே. சர்வே எண், பரப்பு, தீர்வை, சாகுபடிப் பயிர் என்று ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் அடங்கலில் ஒரு வரி உண்டு. அந்நிலத்தில் நாற்றுப் பறித்தவளுக்கு ஒரு வரியும் இல்லை. பரம்பரைக் கர்ணங்களும் மணியக்காரர்களும் வகித்த பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டபோது, எழுதாமல் அவர்கள் நெஞ்சில் மட்டும் வைத்திருந்த ஊர் விவரங்களும் அவர்களோடு வீட்டுக்குப் போயின. அவற்றை எழுதி வாங்க அப்போது எவரும் முன்வரவில்லை.

எஞ்சியிருப்பது முதியோரின் ஞாபகம் ஒன்றே. அதற்கும் காலக்கெடு உண்டு என்பதைச் சற்றே கணக்கிட்டுப் பார்த்தால் மனம் பதறுகிறது. 1924-ஆம் ஆண்டு ஆடியில் காவிரி கரை புரண்டு ஊர்களை வாரிச் சென்ற பெருவெள்ளத்தைக் கண்ணால் கண்டு சொல்லக்கூடியவர் இன்று அநேகமாக எவருமிலர். 1934 ஆகஸ்டில் மேட்டூர் அணை திறக்கப்படுவதற்கு முன் ஆற்றுநீர் எந்த நாளில் எந்த மடைக்கு வந்தது என்று பிரத்தியட்சமாக அறிந்தவர்களும் போய்விட்டார்கள். இப்பொழுது நம்மிடையே எண்பதையும் தொண்ணூறையும் எட்டியிருக்கும் முதியோர்களே 1952-ஆம் ஆண்டின் புயலைப் பார்த்த கடைசித் தலைமுறை. ஏற்றம் இறைத்து, திருகை சுற்றி, மாடு பிணைத்துப் போரடித்து, மரக்காலில் கூலி வாங்கிய கடைசித் தலைமுறையும் அவர்களே.

கீழ்வேளூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், எண்பத்தைந்து வயதைக் கடந்த மூதாட்டி ஒருவரிடம், அறுவடைக் கூலியைப் பற்றி ஒரு பிற்பகல் பேசிக்கொண்டிருந்தேன். சிறுமியாயிருந்தபோதே நடவுக்கும் களையெடுப்புக்கும் போகத் தொடங்கி, முதுகு வளையும் வரையில் வயலைவிட்டு அகலாதவர் அவர். "கூலி எத்தனை மரக்கால் போடுவாங்க, ஆயா?" என்று கேட்டேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அவர் சொன்ன பதிலை ஒலிப்பதிவிலிருந்து அப்படியே எழுதுகிறேன்: "எந்த மரக்கான்னு மொதல்ல கேளு தம்பி. உள்ள வாங்குறதுக்கு ஒரு மரக்கா வச்சிருந்தாங்க. எங்களுக்குப் போடுறதுக்கு ஒரு மரக்கா. ரெண்டும் பாக்குறதுக்கு ஒண்ணாத்தான் இருக்கும்."

அதோடு அவர் நிறுத்தவில்லை. கல்லூரியில் வணிகவியல் படிக்கும் பேத்தியை அழைத்து, உள்ளேயிருந்து இரும்புப் படியையும் ஒரு முறத்தில் நெல்லையும் கொண்டுவரச் சொன்னார். இடக்கையால் படியைப் பற்றி, கட்டைவிரலை விளிம்புக்கு உள்ளே வைத்துக்கொண்டு, வலக்கையால் நெல்லை வாரி மேலேயிருந்து பொலபொலவென்று தூவினார். படி நிறைந்தது. தலையை உள்ளங்கையால் வழித்துவிட்டு அந்த நெல்லைத் தரையில் கொட்டினார். பிறகு அதே படியை வெளிப்புறமாகப் பிடித்து, முறத்து நெல்லுக்குள் ஆழ்த்தி அள்ளி, இருமுறை தட்டிக் குலுக்கி, மேலே கூம்பாக நிற்கும்படி குவித்து, பக்கத்தில் மற்றொரு குவியலாகக் கொட்டினார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குழந்தையும் கண்டுகொள்ளும். "முன்னது எங்களுக்கு அளந்தது. பின்னது எங்ககிட்ட அளந்து வாங்குனது. இந்தக் கட்டைவெரலு தின்ன நெல்லு எவ்வளவுன்னு நீயே எண்ணிப் பாரு" என்றார். பேத்தி அதுவரை அந்தக் கதையைக் கேட்டதேயில்லை. தானும் ஒரு முறை அளந்து பார்க்கிறேன் என்று படியைக் கையில் வாங்கினாள். விரலை எங்கே வைக்க வேண்டும் என்று பாட்டி பிடித்துக் காட்டினார்.

எட்டு நாழி ஒரு குறுணி (மரக்கால் என்பதும் அதுவே), இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம் என்னும் வாய்பாட்டைப் பழைய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒப்பித்தார்கள். வாய்பாடு தேசம் முழுவதும் ஒன்றாயிருக்க, மரக்கால் மட்டும் சீமைக்குச் சீமை, சில இடங்களில் வீட்டுக்கு வீடு வேறாயிருந்தது. 1940-களில் கீழ்த்தஞ்சையில் சீனிவாச ராவ் முதலியோர் முன்னின்று நடத்திய விவசாயத் தொழிலாளர் இயக்கம், பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கொடுத்த சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிய வேண்டும் என்று கேட்டதோடு, முத்திரையிட்ட மரக்காலிலேயே கூலியை அளக்க வேண்டும் என்றும் கேட்டது. சரித்திர நூலில் அக்கோரிக்கையைப் படிப்பவருக்கு அது ஒரு வரி, கடந்து போய்விடுவார். அம்மூதாட்டியின் திண்ணையில் இரு குவியலையும் அடுத்தடுத்துப் பார்த்தவருக்கோ, அந்த வரிக்காக ஏன் ஆயிரக்கணக்கான ஜனங்கள் அடிபட்டார்கள் என்பது தெளிவாகிவிடும். பொருளாதார விசாரணைகளில் 'நாட்கூலி இத்தனை மரக்கால்' என்று அச்சாகியிருக்கும் ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே எந்த மரக்கால் என்ற கேள்வி நிற்கிறது. அதற்கு விடை சொல்ல வல்லவர்கள் கூலி வாங்கியவர்களே என்பதும், அவர்களில் பலரை எவரும் கேட்கவில்லை என்பதும் என் மனத்தை வருத்துகின்றன.

களத்துமேட்டைப் பற்றிக் கேட்கத் தொடங்கினால் இத்தகைய செய்திகள் ஊற்றெடுத்து வரும். தாளைத் தலையடி அடித்தபின் மாடுகளைப் பிணைத்துச் சுற்றவிட்டுப் போரடித்ததையும், காற்று எந்தத் திக்கிலிருந்து வருகிறதென்று பார்த்து முறத்தைத் தூக்கித் தூற்றியதையும், பொலியைக் குவித்து அதன்மேல் சாம்பலாலோ சாணிக் கரைசலாலோ குறியிட்டு இரவெல்லாம் காவல் காத்ததையும், அளக்கும்போது ஒன்று என்று சொல்லாமல் 'லாபம்' என்று தொடங்கி இரண்டு, மூன்று என எண்ணியதையும், கொல்லர், தச்சர், வண்ணார், நாவிதர், தலையாரி, வெட்டியான் என ஒவ்வொருவரும் தத்தம் பங்குக்குக் களத்தோரம் காத்து நின்ற கிரமத்தையும் முதியோர் நம் கண் முன் நிறுத்துவார்கள். அந்த வரிசையில் யார் முன்னே நின்றார், யார் எட்ட நின்றார், யாருடைய நெல் மடியில் விழுந்தது, யாருடையது தரையில் கொட்டப்பட்டது என்பதைக் கேட்க மறக்கலாகாது. ஊரின் அமைப்பு முழுவதும் அந்தக் களத்தில் ஒரு நாள் பிரத்தியட்சமாக நின்றது. கோயில் திருவிழாவைக் காட்டிலும் அங்கேதான் அது தெளிவாகத் தெரிந்தது என்பது என் அபிப்பிராயம்.

ஞாபகம் காலத்தை வேறு விதமாகக் கட்டி வைத்திருக்கிறது. 1952 ஆகஸ்டில் ராஜாஜியின் மந்திரிசபை தஞ்சை ஜில்லாவின் குத்தகைதாரரையும் பண்ணையாட்களையும் பாதுகாப்பதற்கென்று அவசரச் சட்டம் பிறப்பித்தது; அவ்வருஷம் நவம்பர் இறுதியில் நாகப்பட்டினத்தை ஒட்டிய கடற்கரையைப் புயல் தாக்கி, அறுவடைக்கு இன்னும் ஒன்றரை இரண்டு மாதம் இருந்த சம்பாப் பயிரையும் தென்னையையும் கூரைகளையும் சாய்த்தது. சர்க்கார் தஸ்தாவேஜுகளில் சட்டம் ஒரு கோப்பிலும் புயல் நிவாரணம் மற்றொரு கோப்பிலும் கிடக்கின்றன. கீழ்த்தஞ்சை முதியோர் நெஞ்சில் அவ்விரண்டும் ஒரே வருஷத்துக் கதை. இனி நம்மை நினைத்தபோது பண்ணையைவிட்டுத் துரத்த முடியாது என்று கேள்விப்பட்ட நெஞ்சு நிமிர்ந்த மூன்றாம் மாதத்திலேயே, இருந்த குடிசையும் பறந்து, அடைக்கலம் தேடிப் பண்ணை வீட்டுத் தாழ்வாரத்துக்கே செல்ல நேர்ந்த குடும்பங்களின் நிலைமையை இரண்டு கோப்புகளில் எதிலிருந்தும் எடுக்க இயலாது.

முதியோர் சொல்வதெல்லாம் நம்பத்தக்கதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆண்டுக்கணக்கில் அவர்கள் தவறுவார்கள். விலைவாசியைக் குறைத்துச் சொல்வார்கள். அடுத்தடுத்து வந்த இரண்டு வறட்சிகளை ஒன்றாக்கிவிடுவார்கள். ஆனால் ஒரு வேலையை எந்தக் கிரமத்தில் செய்தோம் என்பதில் அவர்கள் பெரும்பாலும் பிசகுவதில்லை; ஏனென்றால் அது கையில் படிந்த ஞாபகம். ஆண்டை நிச்சயிக்க வேண்டுமானால், புயல் அடித்தபோது உங்களுக்குக் கலியாணம் ஆகிவிட்டதா, அரியலூரில் ரயில் ஆற்றில் கவிழ்ந்த வருஷம் மூத்த பிள்ளை நடந்ததா தவழ்ந்ததா, ஊருக்குள் மின்சாரக் கம்பம் நட்டபோது இந்தக் கூரை ஓடாகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே போனால் போதும்; 1952-உம் 1956-உம் தாமே வந்து நிற்கும். 'அந்தக் காலத்து வாழ்க்கை எப்படியிருந்தது?' என்று கேட்பதைப்போல் பயனற்ற கேள்வி வேறொன்றில்லை. 'இந்தக் காலம் மாதிரியா?' என்ற பெருமூச்சோடு அது முடிந்துவிடும். கோழி கூவியதும் முதலில் எதைக் கையில் எடுப்பீர்கள், அடுப்பு மூட்ட நெருப்பை எந்த வீட்டிலிருந்து கொண்டுவருவீர்கள், நடவுக்குப் போனால் கைக்குழந்தையை எந்த மரத்து ஏணையில் போடுவீர்கள், பிள்ளைப்பேறு பார்த்தது யார், எந்தக் கிணற்றில் உங்களுக்குத் தண்ணீர் எடுக்க இடமில்லை, எந்தத் தெரு வந்ததும் உங்கள் தகப்பனார் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார் என்று கேட்க வேண்டும். இவை சின்னக் கேள்விகளாகத் தோன்றலாம்; பெரிய விடைகள் இவற்றுக்கே வருகின்றன.

யார் உடனிருக்கிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. பண்ணை வீட்டுப் பிள்ளை பக்கத்தில் நின்றால் படியாள் மகன் ஒரு விதமாகப் பேசுவார். அந்தப் பிள்ளை போன பின் வேறு விதமாகப் பேசுவார். கணவரும் மகன்களும் சூழ்ந்திருக்க, ஸ்திரீகள் பெரும்பாலும் வாய் திறப்பதேயில்லை. "அவரையே கேளுங்க" என்று ஒதுங்கிவிடுவார்கள். அவர்களே கூடி அவரைக்காய் ஆயும் வேளையிலோ, பீடி சுற்றும் வேளையிலோ, கைக்கு வேலை இருக்கும்போதுதான் பேச்சு தானாக நடக்கும்.

இவ்விஷயத்தில் நமக்கு வழிகாட்டியாக ஒரு நூல் இருக்கிறது. புதுச்சேரிக்கு அருகேயுள்ள சிற்றூரில் வாழ்ந்த வீரம்மா என்னும் பறையர் குலத்துப் பெண்மணி, வயலில் கூலி வேலை செய்தவர். ஊருக்குப் பிள்ளைப்பேறு பார்த்தவர். ஒப்பாரியும் நடவுப் பாட்டும் தேர்ந்த பாடகி. தாம் பெற்ற பிள்ளைகளில் பலரைப் பறிகொடுத்தவர். அவருடைய பாட்டுகளைப் பதிவு செய்ய வந்த ஜோசியான் ரசீன் என்னும் அம்மையார், தமிழிலேயே அவரோடு பேசிப் பழகி, பாட்டிலிருந்து வாழ்க்கைக்கு மெல்ல மெல்ல நகர்ந்து, 1980-களில் பல ஆண்டுகள் பதிவு செய்த பேச்சே, ழான்-லுக் ரசீனின் துணையோடு 1995-இல் பிரெஞ்சு மொழியில் நூலாயிற்று. பின்பு ஆங்கிலத்திலும் வந்தது. எழுத்தறியாத ஒரு கிழவியின் வாய்மொழியே முழு நூலாக நிற்க முடியும் என்பதற்கு அதைக் காட்டிலும் வேறு சாட்சி வேண்டுவதில்லை. அங்கே அவசரமில்லை, வருஷக்கணக்கான பழக்கத்தின் மேல் அவர்களிடையே நம்பிக்கை கட்டப்பட்டது.

மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் தம் இறுதிக் காலத்தில், 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் 'என் சரித்திரம்' எழுதி வந்ததும், அது நிறைவு பெறுமுன் 1942 ஏப்ரலில் அவர்கள் மறைந்ததும் தமிழர் அறிந்தவை. உத்தமதானபுரத்தின் தெருக்களும் குளங்களும் அங்கே வாழ்ந்தோரின் பழக்கவழக்கங்களும் 1850-களில் எப்படியிருந்தன என்று இன்று நாம் அறிவதற்கு அவ்வெழுத்தே காரணம். அவ்வூரில் அவர்களுடைய வயதையொத்த உழவர் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். அவர்கள் கண்ட உத்தமதானபுரம் நமக்குக் கிடைக்கவில்லை. எழுத்து ஒரு பகுதியாரின் கையில் மட்டும் இருந்த தேசத்தில், மற்றவர்களின் சரித்திரத்தைக் காதால்தான் பெற முடியும்.

காதால் பெற்றதைப் பாஷை மாற்றாமல் எழுத வேண்டும். கரிசல் காட்டுச் சம்சாரிகளின் பேச்சைச் செவிகொடுத்துக் கேட்டு, அவர்கள் சொற்களைத் திரட்டி 1982-இல் அகராதியாகவே தொகுத்த கி. ராஜநாராயணன் இதில் நமக்கு ஆசான். 'பொயல்' என்று ஒருவர் சொன்னால் அதைப் 'புயற்காற்று' என்று திருத்தி அச்சிடுபவர், சொன்னவரின் குரலை அடைத்துவிட்டுத் தம் குரலைக் கேட்கச் செய்கிறார்.

சொல்ல விரும்பாததைக் கேட்டுப் பிடுங்குவது இப்பணியில் தகாது. 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு, கூலி உயர்வு கேட்டதன் பகையில் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எரிக்கப்பட்டார்கள். அவ்வட்டாரத்து முதியோரிடம் எந்த ஆண்டைப் பற்றிப் பேசினாலும் பேச்சு அந்த இரவின் ஓரம் வரையில் சென்று நிற்கும். சிலர் தாமே சொல்வார்கள். சிலர் எழுந்து போய் மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வந்து வேறு விஷயம் பேசுவார்கள். எழுந்து போனவரைத் தொடர்ந்து செல்லாமல் இருப்பதும் பதிவு செய்பவரின் கடமை. சொன்னதை எவ்வளவு தூரம் வெளியிடலாம், பெயரைப் போடலாமா என்பதை அவரிடமே கேட்டு, அவர் மறுத்தால் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

ஞாபகத்தால் என்ன பிரயோஜனம் என்று கேட்போருக்கு நெல்லையே சாட்சியாகக் காட்டலாம். 1960-களில் தஞ்சை ஜில்லாவில் தீவிர சாகுபடித் திட்டமும், அதன் பின் குட்டை ரக நெல்லும் வந்தபோது, மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார் முதலிய பழைய நெல்கள் ஒவ்வொன்றாக வயலைவிட்டு நீங்கின. எந்த நெல் நீரில் மூழ்கினாலும் தலை நிமிரும், எந்த அரிசியைப் பிள்ளை பெற்றவளுக்குக் கஞ்சியாகக் கொடுப்பார்கள் என்னும் அறிவு கிழவர் கிழவியரின் நினைவில்தான் தங்கியிருந்தது. திருத்துறைப்பூண்டிப் பகுதியைச் சேர்ந்த நெல் ஜெயராமன் ஊர் ஊராகச் சென்று அப்படிப்பட்டவர்களைத் தேடிக் கேட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்களை மீட்டு, ஆதிரெங்கத்தில் விதைத் திருவிழா நடத்தி உழவர்களிடம் திருப்பிக் கொடுத்தார். 2018-இல் அவர் காலமானார். அவர் மீட்ட நெல் இன்றும் விளைகிறது.

இப்பெரும்பணியை யார் செய்வது? ஐர்லாந்து தேசத்தார் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1937 முதல் 1939 வரையில் அங்கே சுமார் 5,000 ஆரம்பப் பள்ளிகளின் மேல்வகுப்புப் பிள்ளைகள் 50,000 பேருக்கு மேல், கட்டுரைப் பாட வேளையில், தம் வீட்டுப் பாட்டன் பாட்டியரிடமும் அண்டை வீட்டு முதியோரிடமும் ஊர்க்கதைகள், வைத்தியம், விளையாட்டு, பழந்தொழில், பஞ்சகால நினைவு ஆகியவற்றைக் கேட்டுக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினார்கள். அப்பக்கங்கள் இலட்சக்கணக்கில் இன்றும் டப்ளினில் பாதுகாக்கப்படுகின்றன. பேராசிரியர்கள் கேட்டால் சொல்லாததைப் பேரனுக்குப் பாட்டி சொல்வாள் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

நம் நாட்டில் அதைச் செய்வதற்குத் தடை ஏதுமில்லை. பிள்ளைகள் கையில் ஒலிப்பதிவு செய்யும் கைப்பேசி இருக்கிறது. எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் தமிழாசிரியர் வாரத்துக்கு ஒரு வேளையை இதற்கு ஒதுக்கி, சொன்னபடியே எழுதும் பழக்கத்தைக் கற்பித்து, ஒவ்வொரு பதிவிலும் சொன்னவரின் சம்மதம், பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், செய்த தொழில் ஆகியவற்றைக் குறிக்கச் செய்தால் போதுமானது. வைத்துக்காக்கும் இடமும் ஏற்கெனவே கட்டியிருக்கிறது. 2006-இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழும்பிற்று. அவற்றில் பல பூட்டிக் கிடக்கின்றன. அவற்றைத் திறந்து, ஓர் அலமாரியில் அந்தந்த ஊர் முதியோரின் பேச்சை எழுத்தாகவும் ஒலியாகவும் வைத்து, பிரதி ஒன்றைச் சொன்னவர் குடும்பத்துக்கும், மற்றொன்றைத் தலைநகரத்து ஆவணக் காப்பகத்துக்கும் கொடுக்கலாம். முதல் பதிவுகளைச் சேரித் தெருவிலும், தனியாக வாழும் கிழவிகளின் வீடுகளிலும் தொடங்க வேண்டும். பட்டாவில் பெயர் உள்ளவர்களைப் பற்றி எழுதிய காகிதமாவது தாலுகா அலுவலகத்தில் இருக்கிறது.